ஒரே பெயர், பல கப்பல்: பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பிரித்தறிவது எப்படி

மட்டக்களப்புக் கடலில், 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். இந்தியக் கடற்படையில் 1987 முதல் 2017 வரை இருந்த ஐ.என்.எஸ். விராட் கப்பலின் பழைய பெயரும் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ்தான். இரண்டும் பிரிட்டனில் கட்டப்பட்டவை, இரண்டும் விமானந்தாங்கிகள். ஆனால் இரண்டுக்கும் இடையே பெயரைத் தவிர ஓர் ஆணி கூடப் பொதுவில்லை.

தாத்தாவின் பழைய பணிச் சான்றிதழோ, ஒரு போர்க்காலப் புகைப்படமோ, கல்லறைக் கல்லில் ஒரு கப்பல் பெயரோ கிடைத்து, அது எந்தக் கப்பல் என்று தேடத் தொடங்குபவர்களுக்காக இந்த வழிகாட்டி. தேடும் வரிசை முக்கியம். வரிசை தவறினால் முதலில் கண்ணில் படும் புகழ்பெற்ற கப்பலையே நம் கப்பல் என்று நம்பிவிடுவோம். நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அப்படி வருபவைதான்.

பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது

பிரிட்டிஷ் கடற்படை பெயர்களை வேண்டுமென்றே மறுபடி சூட்டுகிறது. ஒரு கப்பல் போரில் ஈட்டிய பெருமை அதன் பெயரோடு சேர்ந்தது. அடுத்து அதே பெயரில் வரும் கப்பல் அந்தப் பெருமைக்கு வாரிசு. ஆர்க் ராயல் என்ற பெயரில் ஐந்து கப்பல்கள் உண்டு. முதலாவது 1588இல் ஸ்பானிய ஆர்மடாவை எதிர்த்த மரக்கப்பல். ஐந்தாவது 1981இல் நீரில் இறக்கப்பட்ட விமானந்தாங்கி. நம் கடற்படையும் இதையே செய்கிறது: 1961இல் பணியில் சேர்ந்த விக்ராந்தின் பெயர் 2022இல் சேர்ந்த புதிய கப்பலுக்குப் போனது, ஆர்11 என்ற எண்ணும் கூடவே போனது.

பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பெயரில் ஒரு போர்க்கப்பல்தான் இருக்கும். நம் தேடலுக்குப் பெரிய துணை இந்த வழக்கம்தான். இதற்கும் விலக்குகள் உண்டு. அவை கீழே வரும்.

முதலில், கையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

தேடலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஆறு விவரங்களை எழுதுங்கள்: பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகள், பெயர், பெயருக்குப் பின்னால் ஏதாவது எண் அல்லது அடைப்புக்குறி இருந்தால் அது, தேதி, இடம், கப்பலின் வகை. தெரியாததை வெற்றாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். "விமானந்தாங்கி என்றுதான் நினைக்கிறேன்" என்று நிரப்பிய ஒரு சொல் பிறகு ஆதாரம்போல் நின்றுவிடும்.

பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலில் தனியே குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது ஹெர்மீஸ், ஹெர்ம்ஸ், ஹெர்மஸ் என்று ஒரே கப்பல் மூன்றாகும். நேர்மாறாக, வேறு வேறு கப்பல்கள் ஒன்றுபோல் ஒலிப்பதும் உண்டு. குளோரி வேறு, குளோரியஸ் வேறு. இரண்டும் விமானந்தாங்கிகள். குளோரியஸ் 1940 ஜூன் 8 அன்று நார்வேக்கு அப்பால் மூழ்கியது. குளோரி 1943இல்தான் நீரில் இறங்கியது. அக்கில், அக்கிலீஸ் என்ற பெயர்களும் அப்படியே. கடைசி ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

முன்னெழுத்துகளைப் பாருங்கள்

எச்.எம்.எஸ். என்றால் மன்னரின் அல்லது அரசியின் கப்பல். ஆள்பவர் ஆணா பெண்ணா என்பதால் முதல் எழுத்து மாறாது. எனவே காலத்தைக் கணிக்க இந்த எழுத்து உதவாது. இந்தச் சுருக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்குக்கு வருகிறது. அதற்கு முந்தைய மூலங்களில் வெறும் பெயர்தான் இருக்கும். இன்றைய எழுத்தாளர்கள் பின்னோக்கிச் சேர்த்திருப்பார்கள்.

எச்.எம்.ஏ.எஸ். என்றால் ஆஸ்திரேலியா, எச்.எம்.சி.எஸ். என்றால் கனடா, எச்.எம்.ஐ.எஸ். என்றால் 1950 ஜனவரி 26 குடியரசு நாளுக்கு முந்தைய இந்தியா. ஆர்.எம்.எஸ். என்பது போர்க்கப்பலே அல்ல, அஞ்சல் ஏற்றும் பயணிகள் கப்பல். குவீன் எலிசபெத் என்று மட்டும் படித்தால் 1913இல் நீரில் இறங்கிய போர்க்கப்பலா, 1972இல் ஹாங்காங்கில் எரிந்த பயணிகள் கப்பலா, இன்றைய விமானந்தாங்கியா என்பதை இந்த எழுத்துகளும் தேதியும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய எம்டனைப் பற்றிப் படிப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே வீழ்த்தியது ஆஸ்திரேலியாவின் சிட்னி. அதே பெயரில் பிறகு வந்த சிட்னி 1941 நவம்பரில் 645 பேரோடு மூழ்கியது. எம்டனும் ஒன்றல்ல: சென்னைக்கு வந்தது 1908இல் நீரில் இறங்கியது, 1925இல் ஜெர்மனி அதே பெயரில் இன்னொன்றை இறக்கியது.

அது கப்பல்தானா?

புதிதாகத் தேடுபவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. எச்.எம்.எஸ். என்று தொடங்கும் எல்லாமே மிதப்பவை அல்ல.

கடற்படைச் சட்டம் கப்பலின் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே பொருந்தும் என்ற நிலை இருந்தது. அதனால் கரையில் வேலை பார்ப்பவர்களையும் ஏதோ ஒரு கப்பலின் பெயர்ப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. பாசறை, பயிற்சிப் பள்ளி, சம்பளப் பிரிவு, விமானத் தளம் எல்லாவற்றுக்கும் கப்பல் பெயர் சூட்டினார்கள். தரையில் நிற்கும் கட்டடத்துக்கு எச்.எம்.எஸ். பட்டம் வந்த கதை இதுதான்.

கோயம்புத்தூரில் கடல் இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அங்கே எச்.எம்.எஸ். கருடா இருந்தது. அது கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை. சூலூர் விமானத் தளம் எச்.எம்.எஸ். வைரி, தாம்பரம் எச்.எம்.எஸ். வல்லூறு. கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது பிரிட்டனில் இருந்த பழக்கம். இங்கே வந்தபோது நம் வேட்டைப் பறவைகளின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். வைரியும் வல்லூறும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைப் பட்டியலில் இருந்தன என்பதை அந்த ஊர்க்காரர்களே அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் புத்தளம் தளம் ராஜாளியா, கட்டுக்குருந்தை தளம் உக்குஸ்ஸா. அவையும் பறவைப் பெயர்களே, சிங்களத்தில். கொழும்புக் கரைத்தளம் எச்.எம்.எஸ். லங்கா.

இந்தத் தளங்களின் பெயருள்ள சான்றிதழைப் பார்த்து "கருடா என்ற போர்க்கப்பலில் பணியாற்றினார்" என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிட்டால், அந்தக் கப்பலின் படத்தை எங்கே தேடியும் கிடைக்காது.

இன்னும் சிக்கலானது, உண்மையான கப்பலும் கரைத்தளமும் ஒரே பெயரைப் பகிர்வது. திருகோணமலைக் கரைத்தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர். அதே பெயரில் 1898இல் நீரில் இறங்கிய ஒரு குரூசர் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) இருந்தது. 1914 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு ஜெர்மன் கப்பலை அது வீழ்த்தியது. 1921இல் பம்பாயில் உடைப்பதற்கு விற்கப்பட்டது. ஆகவே 1944 தேதியிட்ட தாளில் ஹைஃப்ளையர் என்றிருந்தால் அது திருகோணமலை. 1915 தேதியிட்டதில் இருந்தால் குரூசர். தேதி ஒன்றே இங்கே முடிவு சொல்கிறது.

விக்டரி இதைவிட மோசம். இரண்டு உலகப் போர்களிலும் பல்லாயிரம் பேரின் பதிவேடுகளில் "விக்டரி" என்று இருக்கிறது. தளபதி நெல்சனின் புகழ்பெற்ற விக்டரி கப்பலில் அவர்கள் ஏறியதே இல்லை. அது போர்ட்ஸ்மவுத் பாசறை. 1974இல் அந்தப் பாசறையின் பெயரை நெல்சன் என்று மாற்றினார்கள். சாதம் நகரத்தில் பெம்பிரோக், டெவன்போர்ட்டில் டிரேக் இப்படியே.

கரைத்தளம் என்று சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள்: பெயருக்குப் பின்னால் ரோமன் எண் இருப்பது, "விக்டரி I", "பிரசிடென்ட் III" என்பதுபோல, இடம் உள்நாட்டில் இருப்பது, அந்தத் தேதியில் அந்தப் பெயரில் மிதக்கும் கப்பல் எதுவும் பணியில் இல்லாதது. பதிவேட்டில் தளத்தின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். சிறு கப்பல்களின் ஆட்களைப் பெரிய தளத்தின் கணக்கில் வைத்து, அவர்கள் உண்மையில் இருந்த கப்பலை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். தேடுகிற கப்பல் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும்.

பெயர் வரிசை போடுதல்

கப்பல்தான் என்று உறுதியானதும், அந்தப் பெயரில் இருந்த எல்லாக் கப்பல்களையும் காலவரிசையில் எழுதுங்கள். நமக்கு வேண்டியது 1942 என்று தெரிந்தாலும் முழு வரிசையையும் எழுதுவது நல்லது. முன்னும் பின்னும் இருப்பதைப் பார்த்தால்தான் தவறு தெரியும். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆண்டுகள் வேண்டும்: கட்டுமானம் தொடங்கியது, நீரில் இறக்கியது, பணியில் சேர்ந்தது, முடிவு.

இந்த நான்கையும் கலப்பதால் ஒரே கப்பல் இரண்டாகத் தெரியும். மட்டக்களப்பில் மூழ்கிய ஹெர்மீஸைக் கட்டத் தொடங்கியது 1918 ஜனவரியில். நீரில் இறக்கியது 1919 செப்டம்பரில். பணியில் சேர்ந்தது 1924இல். ஒரு நூலில் 1919 என்றும் இன்னொன்றில் 1924 என்றும் படித்தால் இரண்டு கப்பல் என்று எண்ணத் தோன்றும். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் இது. ஆனால் ஜப்பானின் ஹோஷோ 1922 டிசம்பரிலேயே பணியில் சேர்ந்துவிட்டது. "உலகின் முதல்" என்ற பட்டத்துக்கு இரண்டு கப்பல்கள் போட்டியிடக் காரணமும் இந்த ஆண்டுக் குழப்பமே. விராட் ஆன ஹெர்மீஸ் 1944இல் தொடங்கி, 1953 பிப்ரவரியில் நீரில் இறங்கி, 1959 நவம்பரில் சேர்ந்தது. தொடக்கத்துக்கும் சேர்ந்ததற்கும் இடையில் 15 ஆண்டுகள்.

கடற்படை ஆய்வாளர்கள் பலர் பின்பற்றும் வழக்கம், பெயருக்குப் பின் நீரில் இறக்கிய ஆண்டை அடைப்புக்குறிக்குள் இடுவது: ஹெர்மீஸ் (1919), ஹெர்மீஸ் (1953). நீங்களும் முதல் நாளிலிருந்தே இதைக் கடைப்பிடியுங்கள்.

20ஆம் நூற்றாண்டில் ஓடிய ஹெர்மீஸ்கள் மூன்று. ஹெர்மீஸ் (1898), ஹைஃப்ளையர் வகைக் குரூசர். 1913இல் விமானச் சோதனைகளுக்காக மாற்றப்பட்டது. 1914 அக்டோபர் 31 அன்று டோவர் நீரிணையில் யு-27 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. பிறகு ஹெர்மீஸ் (1919). பிறகு ஹெர்மீஸ் (1953). மூன்றிலும் விமானம் உண்டு, இரண்டு மூழ்கின. "விமானங்கள் இருந்த ஹெர்மீஸ் மூழ்கியது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு முடிவெடுக்கவே முடியாது. எங்கே, எப்போது என்று கேட்டால் ஒரே நொடியில் விடை வந்துவிடும்.

பெயர் மாற்றம் என்ற பொறி

இங்கேதான் நேரம் செலவாகும். இங்கேதான் தேடலின் சுவையும் இருக்கிறது.

புதிய கப்பலுக்குப் பெயர் தேவைப்பட்டால் பழையதை வேறு பெயருக்கு மாற்றிவிடுவார்கள். 1914இல் நீரில் இறங்கிய ஆர்க் ராயல், கடல்விமானங்களைச் சுமந்த கப்பல். புதிய விமானந்தாங்கிக்காக 1934இல் அதன் பெயரைப் பெகாசஸ் என்று மாற்றினார்கள். எனவே இரண்டாம் உலகப் போரின் பெகாசஸ்தான் முதல் உலகப் போரின் ஆர்க் ராயல். முதல் உலகப் போர் தொடங்கியபோதே பெகாசஸ் என்று வேறொரு குரூசர் இருந்தது. 1914 செப்டம்பரில் சான்சிபாரில் ஜெர்மன் கப்பல் கோனிக்ஸ்பெர்க் அதை வீழ்த்தியது. இப்படி ஒரு பெயரை இழுத்தால் இன்னொரு வரிசை பின்னாலேயே வரும். உங்கள் பெயர்ப் பட்டியலில் "முந்தைய பெயர்", "பிந்தைய பெயர்" என்று இரண்டு பத்திகள் வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

கட்டும்போதே பெயர் மாறுவதும் உண்டு. 1950இல் நீரில் இறங்கிய ஆர்க் ராயலைக் கட்டத் தொடங்கியபோது அதன் பெயர் இர்ரெசிஸ்டிபிள். 1981இன் ஆர்க் ராயலுக்கு முதலில் நினைத்த பெயர் இன்டாமிட்டபிள். விராட் கட்டத் தொடங்கியபோது எலிஃபன்ட். ஹெர்மீஸ் என்ற பெயர் அப்போது வேறொரு கப்பல் கட்டும் தளத்தில் கட்ட உத்தரவிட்ட கப்பலுக்கு உரியது. போர் முடிந்ததும் 1945இல் அந்தக் கப்பல் கைவிடப்பட்டது. எலிஃபன்ட் அந்தப் பெயரைப் பெற்றது. ஆக, 1944ஆம் ஆண்டுக் கட்டுமானத் தாளில் ஹெர்மீஸ் என்று இருந்தால் அது பிறக்காமலே போன கப்பல்.

பெயர் போய்த் திரும்பி வந்த கப்பல்களில் தமிழர்கள் அறிய வேண்டிய ஒன்று டிரின்கோமலி. பெயர் திருகோணமலையுடையது. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கியது. நெல்சன் காலத்து ஃபுட்ராயன்ட் என்ற கப்பல் 1897இல் பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிதைந்தபோது, அதன் உரிமையாளர் டிரின்கோமலியை வாங்கி, அதற்கு ஃபுட்ராயன்ட் என்று பெயரிட்டார். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பயிற்சிக் கப்பலாக அந்தப் பெயரிலேயே இருந்தது. 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது. இன்று ஹார்டில்பூலில் மிதக்கிறது. 1930களின் ஃபுட்ராயன்ட் புகைப்படத்தைக் கண்டு "நெல்சனின் கப்பல்" என்று எழுதினால், திருகோணமலையின் பெயரைச் சுமந்த கப்பலை அழித்துவிட்டோம் என்று பொருள்.

எதிரியிடமிருந்து பிடித்த கப்பலின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. இன்வின்சிபிள் என்ற பெயரே 1747இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கப்பலோடு வந்தது. மறுபக்கமும் அப்படித்தான். 1805 டிராஃபல்கர் போரில் பிரிட்டிஷ் அணியில் ஒரு ஸ்விஃப்ட்ஷூர், பிரெஞ்சு அணியில் ஒரு ஸ்விஃப்ட்ஷூர். பிரெஞ்சு அணியில் இருந்தது 1801இல் பிரிட்டனிடமிருந்து பிடித்தது. போருக்குப் பின் பிரிட்டன் அதை மீட்டபோது பெயர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எனவே இர்ரெசிஸ்டிபிள் என்று பெயரிட்டார்கள். அதே நாளில் இரு தரப்பிலும் அக்கில் இருந்தது, நெப்டியூனும் இருந்தது; ஸ்பானியரிடம் நெப்டுனோ. டிராஃபல்கர் பற்றிய எந்த வரியிலும் பெயரோடு நாட்டையும் எழுதாவிட்டால் அந்த வரிக்குப் பயனில்லை.

மூழ்கிய கப்பல்களைத் தேடுபவர்களுக்கு இன்வின்சிபிள் நல்ல பயிற்சி. 1747இல் பிடித்தது 1758இல் போர்ட்ஸ்மவுத் அருகே தரைதட்டி அழிந்தது. அடுத்தது 1801இல் நார்ஃபோக் கரைக்கு அப்பால். 1869இல் நீரில் இறங்கியது பிறகு எரிபஸ் என்றும் ஃபிஸ்கார்டு 2 என்றும் பெயர் மாறி 1914இல் போர்ட்லன்டுக்கு அப்பால் மூழ்கியது. 1907இல் நீரில் இறங்கியது 1916 மே 31 அன்று ஜட்லன்ட் போரில் வெடித்துச் சிதறியது. 1,026 பேர் இறக்க, ஆறு பேர் மட்டுமே பிழைத்தார்கள். ஆறு இன்வின்சிபிள்களில் நான்கு கடலடியில் உள்ளன. "வெல்ல முடியாதது" என்ற பெயருக்கு நேர்ந்த விதி அது. சிதைவு கிடக்கும் இடம் தெரியாமல் எது என்று சொல்ல முயல வேண்டாம்.

எண்ணை நம்பலாமா?

கப்பலின் பக்கத்தில் எழுதிய எழுத்தும் எண்ணும் சேர்ந்ததைப் பென்னன்ட் எண் என்பார்கள். புகைப்படத்தில் அது தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாதிதான், ஏனென்றால் எண்ணும் மறுபடி தரப்படும். ஆர்09 என்பது ஆர்க் ராயல் (1950). இன்றைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விமானந்தாங்கியும் ஆர்09. ஆர்08 பழைய புல்வர்க். இன்று குவீன் எலிசபெத். ஆர்05 முதலில் ஈகிள், பிறகு இன்வின்சிபிள் (1977). எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தின் முறையை 1948இல் பெரிதும் மாற்றினார்கள். அதற்கு முந்தைய எண்ணுக்குப் பிந்தைய பட்டியலைப் பார்த்தால் தவறான கப்பல் கிடைக்கும். ஹெர்மீஸ் (1919) எண் 95; ஹெர்மீஸ் (1953) ஆர்12, விராட் ஆனபின் ஆர்22.

எண், பெயர் இரண்டும் ஒரே கப்பலையும் ஒரே காலத்தையும் சுட்டினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எண் தெரியாத படத்தில் கப்பலின் உடலைப் பாருங்கள். ஹெர்மீஸ் (1919) சுமார் 182 மீட்டர் நீளம், நேரான தளம், சிறிய உடலுக்குப் பொருந்தாத பெரிய மேற்கட்டுமானம். ஹெர்மீஸ் (1953) சுமார் 226 மீட்டர், ஓடுதளம் சாய்ந்து விலகிச் செல்லும். முன்பகுதியில் மேல்நோக்கி வளைந்த ஏற்றம் தெரிந்தால் படம் 1980க்கு முந்தையதல்ல. ஹாரியர் விமானங்களுக்காக அந்த 12 பாகை ஏற்றத்தை அதன்பிறகுதான் பொருத்தினார்கள். மரக்கப்பல் காலத்தில் பீரங்கி எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்: 1737இன் விக்டரியும் 1765இன் விக்டரியும் 100 பீரங்கி முதல்தரக் கப்பல்கள். முன்னது 1744 அக்டோபரில் ஆங்கிலக் கால்வாயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் காணாமல் போய், அதன் சிதைவு 2008இல் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னது டிராஃபல்கர் கப்பல். போர்ட்ஸ்மவுத்தில் இன்றும் நிற்கிறது.

பெருமைப் பலகையும் வகைப் பெயரும்

கப்பலுக்குள் மரப் பலகையில் போர்ப் பெருமைகளை எழுதி வைத்திருப்பார்கள். 1981இன் ஆர்க் ராயலின் பலகை 1588 ஆர்மடாவில் தொடங்கும். 1941இல் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் துரத்தியதும் அதில் இருக்கும். அந்தப் பட்டியல் பெயருக்குரியது, கப்பலுக்குரியதல்ல. பலகையின் படத்தை வைத்து "இந்தக் கப்பல் பிஸ்மார்க்கைத் துரத்தியது" என்று எழுதக்கூடாது. துரத்தியது 1937இல் நீரில் இறங்கிய ஆர்க் ராயல். அது 1941 நவம்பர் 14 அன்று மூழ்கிவிட்டது. கப்பல் சின்னமும் பெரும்பாலும் பெயரோடு தொடர்வதால் அதையும் தனி ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

வகைப் பெயரில் கவனம் வேண்டும். ஒரு வகையில் முதலில் வரும் கப்பலின் பெயரே வகைக்கும் ஆகும். இன்வின்சிபிள் வகை என்றால் 1907இன் பேட்டில்குரூசர்களாகவும் இருக்கலாம், 1977இன் விமானந்தாங்கிகளாகவும் இருக்கலாம். ட்ரெட்நாட் இன்னும் ஒரு படி மேலே: 1906இல் பத்து 12 அங்குலப் பீரங்கிகளோடும் டர்பைன் இயந்திரத்தோடும் வந்த அந்தக் கப்பல் முந்தைய எல்லாவற்றையும் பழசாக்கியதால், அதுபோன்ற எந்த நாட்டுக் கப்பலுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று. 1960இல் அதே பெயரில் பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி நீரில் இறங்கியது. "ஒரு ட்ரெட்நாட்" என்று படித்தால் அது எச்.எம்.எஸ். ட்ரெட்நாட்டாக இருக்க வேண்டியதில்லை.

ஆவணத்தில் சரிபார்த்தல்

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படைத் தாள்கள் ஏடிஎம் என்ற எழுத்துகளின்கீழ் இருக்கின்றன. கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் ஏடிஎம் 53. நீர்மூழ்கிகளுடையவை ஏடிஎம் 173. மாலுமிகளின் பழைய பணிப் பதிவேடுகள் ஏடிஎம் 188. அட்டவணையில் பெயரும் தேதியும்தான் இருக்கும், நீரில் இறங்கிய ஆண்டு இருக்காது. ஆகவே முதலில் பெயர் வரிசையை முடித்துக்கொண்டு, எந்த ஆண்டுகளுக்குள் தேட வேண்டும் என்ற எல்லையோடு போங்கள். மூழ்கிய கப்பலின் கடைசி நாட்களுக்கான குறிப்பேடு பெரும்பாலும் கப்பலோடு போயிருக்கும். அந்த நாட்களுக்கு உடன் சென்ற கப்பல்களின் தாள்களைத் தேட வேண்டும். ஹெர்மீஸ் (1919) என்றால், உடன் மூழ்கிய ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயர் (நாசகாரிக் கப்பல்) வாம்பயர், உயிர் தப்பியவர்களை ஏற்றிய மருத்துவக் கப்பல் வீடா ஆகியவற்றின் பெயரில் தேடுங்கள்.

போர்க்காலத்தில் வெளியான பட்டியல்களில் ஒரு கப்பல் இருப்பதாலேயே அது மிதந்துகொண்டிருந்தது என்று முடிவு செய்யாதீர்கள். ஆடேஷியஸ் என்ற போர்க்கப்பல் 1914 அக்டோபர் 27 அன்று அயர்லாந்துக்கு வடக்கே கண்ணிவெடியில் மூழ்கியது. 1918 நவம்பரில் போர் முடியும்வரை கடற்படை அதை வெளியே சொல்லவில்லை.

எழுதும்போது

முடிவு கிடைத்ததும் படக்குறிப்பிலும் குடும்பக் குறிப்பிலும் மூன்றையாவது சேர்த்து எழுதுங்கள்: பெயர், நீரில் இறங்கிய ஆண்டு, வகை. கரைத்தளமாயின் ஊர்.

"எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் (1919), விமானந்தாங்கி, மட்டக்களப்பு அருகே 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கியது." "எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் (1953), விமானந்தாங்கி, பிற்கால ஐ.என்.எஸ். விராட்." "எச்.எம்.எஸ். கருடா, கடற்படை விமானப் பணிமனை, கோயம்புத்தூர்."

இரண்டு கப்பல்களுக்கு நடுவே தீர்மானிக்க முடியாவிட்டால் இரண்டையும் எழுதி, எந்தத் தேதி அல்லது எந்த இடம் கிடைத்தால் தீரும் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அந்தத் தாள் அடுத்துத் தேடுபவர் கையில் கிடைக்கும்போது அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.